பழமைவாதச் சிந்தனைக் குழாம்களும் அரசின் கொள்கையும்: செங்கல்பட்டு ஏடுகள் முதல் டெல்லி வரை

அரசு ஒரு முடிவெடுப்பதற்கு முன்பே அதற்கான வாதத்தையும் புள்ளிவிவரத்தையும், சில வேளை சட்ட வரைவையும்கூட எழுதி நீட்டும் அமைப்புகள் சிந்தனைக் குழாம்கள் எனப்படுகின்றன. பல்கலைக்கழகம்போல ஆராய்ச்சி செய்தாலும் இவை பட்டம் தருவதில்லை. கட்சிபோல ஒரு பக்கம் நின்று வாதாடினாலும் தேர்தலில் நிற்பதில்லை. நன்கொடையில் நடக்கின்றன. அரசின் காதில் தங்கள் சொல் விழுகிறதா என்பதைக் கொண்டே தங்கள் வெற்றியை அளந்துகொள்கின்றன.

இத்தொழிலை முழு வளர்ச்சியில் காண அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். ஹூவர் நிறுவனம் 1919-லும், அமெரிக்கன் எண்டர்பிரைஸ் இன்ஸ்டிட்யூட்டின் முன்னோடி அமைப்பு 1938-லும் தோன்றின. ஆனாலும் பழமைவாதச் சிந்தனைக் குழாம் என்ற சொல்லுக்கு இன்றுள்ள பொருளைக் கொடுத்தது 1973-ல் வாஷிங்டனில் தொடங்கிய ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன். தடித்த புத்தகம் எழுதி நூலகத்தில் வைப்பதை விட்டுவிட்டு, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்களிக்கப் போகும் வழியில் படித்து முடிக்கும் அளவுக்குக் குறிப்புகளை எழுதித் தந்தது அது. ரொனால்ட் ரீகன் 1981-ல் பதவியேற்றபோது, துறைவாரியாக என்னென்ன செய்ய வேண்டும் என்ற ஆயிரம் பக்கக் கையேடு ஒன்றும் அவர் அமைச்சரவைக்குக் கொடுக்கப்பட்டது. அதே மரபில் 2023-ல் வெளிவந்ததுதான் ‘புராஜெக்ட் 2025’ ஆவணம்.

அமெரிக்காவில் இது செல்லுபடியாவதற்குக் காரணம் அந்நாட்டு ஆட்சி அமைப்பு. புதிய அதிபர் வந்தால் சுமார் 4,000 பதவிகளுக்கு அரசியல் நியமனம் செய்கிறார். அத்தனை பேரை எங்கிருந்து பிடிப்பது? சிந்தனைக் குழாம்கள் ஆட்களைத் தயார்செய்து வைத்திருக்கின்றன. காங்கிரஸ் உறுப்பினர் கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்தாலும் பதவி போய்விடாது என்பதால் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியே வாதத்தால் வளைக்க முடியும். ஹெரிடேஜ் 1989-ல் முன்வைத்த ‘எல்லோரும் மருத்துவக் காப்பீடு வாங்கியே தீர வேண்டும்’ என்ற யோசனை, 2006-ல் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமாகி, 2010-ல் ஒபாமாவின் சட்டத்திலும் இடம்பெற்றது. யோசனையைப் பெற்றெடுத்த நிறுவனமே அப்போது அதை எதிர்த்தது. ஒரு கருத்து வெளியே போய்விட்டால் அது யார் கைக்குப் போகும் என்பதை எழுதியவரால் கட்டுப்படுத்த முடிவதில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே நிரந்தர அதிகார வர்க்கம் இருக்கிறது. அமைச்சர் மாறினாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி அதே நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடாவின் ஆணையை மீறும் உறுப்பினர் பதவியை இழப்பார். ஆகவே தனி உறுப்பினரை வாதத்தால் மாற்றுவதில் பயனில்லை. பிரதமர் அலுவலகம், முக்கிய அமைச்சகங்கள், முன்பு திட்டக் குழு, அதன் இடத்தில் 2015-ல் வந்த நிதி ஆயோக் ஆகிய சில வாசல்கள் மட்டுமே இருக்கின்றன. அந்த வாசல்களை இந்திய வலதுசாரிகள் எப்படி அடைந்தார்கள் என்ற கதையில் சென்னைக்கும் செங்கல்பட்டுச் சீமைக்கும் எதிர்பாராத அளவுக்குப் பெரிய பங்கு உண்டு.

சந்தைக்கு ஆதரவான முதல் குரல்கள்

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய அரசு அமைத்த பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் 1955-ல் மறுப்புக் குறிப்பு எழுதினார். பற்றாக்குறை நிதியை நம்பிப் பெரிய திட்டம் போட்டால் விலைவாசி ஏறும், அந்நியச் செலாவணி கரையும் என்பது அவர் எச்சரிக்கை. அதே ஆண்டு மில்டன் ஃப்ரீட்மன் இந்தியா வந்து நிதியமைச்சகத்துக்கு ஏறக்குறைய அதே கருத்தை எழுதிக் கொடுத்தார். இரண்டும் கோப்பில் போய்ச் சேர்ந்தன. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி உண்மையிலேயே வந்தது. ஆனாலும் கொள்கை திசை மாறவில்லை.

1956-ல் பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் ‘ஃபோரம் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ அமைப்பைத் தொடங்கினார். 1944-ன் பம்பாய் திட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். சிறு துண்டு நூல்கள், கல்லூரிப் பேச்சுப் போட்டிகள், கூட்டங்கள் ஆகியவையே இந்த அமைப்பின் கருவிகள். பின்னாளில் அதன் தலைவராக இருந்த நானி பல்கிவாலாவின் பட்ஜெட் உரை, ஒரு விடுதி அரங்கில் தொடங்கி, பிரபோர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு இடம்பெயரும் அளவுக்குக் கூட்டத்தைச் சேர்த்தது. கேட்டவர்கள் நடுத்தர வர்க்கத்தினர். வரவு செலவுத் திட்டம் எழுதியவர்கள் அந்த மைதானத்துக்கு வெளியே இருந்தார்கள். சுதந்திரச் சந்தைக்காரர்களுக்கு அக்காலத்தில் கிடைத்த பெரிய வெற்றி நீதிமன்றத்தில்தான். வங்கி நாட்டுடைமையை எதிர்த்து ஆர்.சி. கூப்பர் தொடுத்த வழக்கில் பல்கிவாலா வாதாடினார். 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அரசு சில நாட்களிலேயே புதிய அவசரச் சட்டம் போட்டு வங்கிகளைத் தக்கவைத்துக்கொண்டது.

சென்னையில் இதே காலத்தில் நடந்தது அரசியல் ரீதியாக இன்னும் கனமானது. காசா சுப்பா ராவ் 1956-ல் தொடங்கிய ‘ஸ்வராஜ்யா’ வார இதழில் ராஜாஜி வாரம்தோறும் எழுதினார். தமிழில் ‘கல்கி’யில் எழுதினார். ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று அவர் வைத்த பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. கூட்டுறவுப் பண்ணைமுறையை வலியுறுத்திய நாக்பூர் காங்கிரஸ் தீர்மானம் 1959 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. மினு மசானியும் என்.ஜி. ரங்காவும் ராஜாஜியுடன் சேர்ந்தார்கள். ஒரு வார இதழும் சில கட்டுரைகளும் கட்சியாக உருவெடுத்த இந்த வேகத்தை இன்றைய எந்தச் சிந்தனைக் குழாமும் காட்டியதில்லை. 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்கள் பெற்று மிகப் பெரிய எதிர்க்கட்சியாகவும் ஆயிற்று.

ஆனால் கொள்கை? அதே 1967-ல் சென்னை மாநிலத்தில் சுதந்திராக் கட்சி தி.மு.க.வுடன் கூட்டணி வைத்துச் சட்டமன்றத்தில் 20 இடங்களைப் பெற்றது. கூட்டணியை வழிநடத்திய தி.மு.க.வின் வாக்குறுதியோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி. அரசின் செலவைக் குறைக்கச் சொன்னவர்களின் தோளில் ஏறி மானிய அரிசி கோட்டைக்குப் போனது. ராஜாஜி காங்கிரசைத் தோற்கடித்தார். தம் பொருளாதாரத்தை மாநிலத்தில் நிலைநிறுத்த முடியவில்லை. 1974-ல் கட்சி வேறொன்றில் கரைந்தது. 1991-ல் உரிம ஆட்சி கலைக்கப்பட்டபோது அதைச் செய்தவர்கள் அரசுக்கு உள்ளேயே வளர்ந்த பொருளாதார அதிகாரிகள். செய்ய வைத்தது செலாவணி நெருக்கடி. ஷெனாய்க்கும் ராஜாஜிக்கும் முன்னறிந்து சொன்னவர்கள் என்ற பெருமை உண்டு. 1991-ஐ அவர்கள் கணக்கில் வரவு வைக்க முடியாது.

செங்கல்பட்டுச் சீமையின் ஏடுகள்

சந்தை ஆதரவாளர்கள் ஒரு கிளை. பண்பாட்டுப் பழமைவாதிகள் இன்னொரு கிளை. அவர்கள் கையில் எடுத்த மூலப்பொருள் செங்கல்பட்டிலிருந்து வந்தது.

ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டுச் சீமையை ஜாகிராகக் கொடுத்தார். இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடங்கும். தனக்குக் கிடைத்தது என்ன என்று தெரிந்துகொள்ளக் கம்பெனி, தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பியது. 1767 முதல் 1774 வரை அவர் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். ஒவ்வொரு ஊரிலும் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, குளம், தோப்பு, காடு எவ்வளவு, வீடுகள் எத்தனை, அவற்றில் குடியிருப்போர் தொழில் என்ன என்பதெல்லாம் பதிவாயின. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடந்த இந்தப் பதிவேடுகளை 1960-களில் கண்டெடுத்து அவற்றின் மதிப்பை உலகுக்குச் சொன்னவர் காந்தியவாதி தரம்பால்.

அந்த அளவைக்கு அடிப்படையாக ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதிய பனையோலைக் கணக்குகளும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் பெரும் தொகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஓலையில் தெரியும் காட்சி இது. கதிரடித்து நெல் களத்தில் குவிந்ததும், அரசுக்கும் உழுதவருக்கும் பிரிப்பதற்கு முன்பே பல கைகளுக்குப் பங்கு அளந்து கொடுக்கப்படுகிறது. கோயிலுக்கு ஒரு பங்கு, ஏரி மராமத்துக்கு ஒரு பங்கு. பிறகு கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், சலவைத் தொழிலாளர், மருத்துவர் என்று வரிசை நீள்கிறது. இதற்கு மேல் தனியே மானிய நிலங்களும் உண்டு. ஊரின் நிர்வாகச் செலவு முழுவதும் கல்லா இல்லாமல் களத்துமேட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. படிக்கப் படிக்க வியப்பூட்டும் கணக்கு.

சென்னையில் ஜே.கே. பஜாஜ், எம்.டி. ஸ்ரீனிவாஸ் இருவரும் 1990-ல் நிறுவிய ‘சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ்’ இந்த ஆவணங்களைத் தன் பணியின் நடுவில் வைத்தது. இருவரும் இயற்பியல் படித்தவர்கள். 1980-களில் சென்னையில் இயங்கிய தேசப்பற்று அறிவியல் சிந்தனைக் குழுவான பி.பி.எஸ்.டி.யில் தரம்பாலின் தாக்கத்தைப் பெற்றவர்கள். ‘அன்னம் பஹு குர்வீத’ என்ற நூலை 1996-ல் வெளியிட்டார்கள். நிறைய விளைவித்தல், உண்பதற்கு முன் பகிர்தல் என்ற இரண்டும் இந்திய நாகரிகத்தின் ஒழுங்கு. அதை இழந்ததால்தான் நாடு பசியில் விழுந்தது என்பது நூலின் வாதம். ஆதாரமாகச் செங்கல்பட்டின் விளைச்சல் கணக்கும் காட்டப்பட்டது. பின்னர் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் ஓலைக் கணக்குகள் தனி நூலாக வந்தன. திருப்போரூர் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள அதே முருகன் தலம்தான். ஓர் ஊரின் கணக்கை இவ்வளவு பொறுமையாகப் படித்து அச்சில் ஏற்றியது பெரிய தொண்டு. இந்நிறுவனத்தின் அரசியலை ஏற்காதவரும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட முடிவு வேறு விஷயம். பங்கு யார் யாருக்குப் போனது என்று ஓலை சொல்கிறது. களத்தில் அந்த நெல்லை அடித்தவர் ஊரைவிட்டு வெளியேற உரிமை பெற்றிருந்தாரா, தன் வீட்டு மனை அவருடையதா என்று அது சொல்வதில்லை. அதற்கு நூறாண்டு கழித்து எழுதப்பட்ட இன்னொரு செங்கல்பட்டு ஆவணத்தைப் புரட்ட வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஜே.எச்.ஏ. ட்ரெமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கடனில் கட்டுண்ட பண்ணையாட்கள், மிராசுதாரரின் தயவில் நிற்கும் குடிசை மனைகள், தரிசு நிலத்தைக்கூட அவர்கள் வாங்கவிடாமல் தடுத்த மிராசு முன்னுரிமை ஆகியவற்றை அவர் வரிசையாக எழுதினார். அதன் விளைவுதான் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்த 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை. இன்று பஞ்சமி நிலம் என்று அழைக்கப்படுவதன் பிறப்பு அது. ஒரு தனி மனிதரின் ஆய்வுக் குறிப்பு அடுத்த ஆண்டே அரசாணையானதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பின்னர் அந்த நிலங்கள் பெருமளவில் கைமாறிப்போயின. மீட்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று காரணை ஊர்ப் பஞ்சமி நிலம் தொடர்பான போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது, இருவர் உயிரிழந்தனர். இன்றைக்கும் இம்மாவட்டத்தின் தெற்கே மதுராந்தகம், செய்யூர் இரண்டும் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். களத்தில் நின்றவர்களின் வாரிசுகள் எத்தனை பேர் என்பதை அதுவே சொல்லும்.

இங்கே இரண்டு ஆவணங்களில் ஒன்று பொய் என்று பொருளில்லை. பகிர்வு இருந்தது, அடிமைத்தனமும் இருந்தது. வரலாற்றாசிரியர் யூஜீன் இர்ஷிக் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், செங்கல்பட்டின் ‘பழைய ஒழுங்கு’ என்பதே ஆங்கிலேய அதிகாரிகளும் உள்ளூர் மிராசுதாரர்களும் பேசிப் பேசிச் சேர்ந்து உருவாக்கிய சித்திரம் என்று காட்டினார். முதல் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘பழைய ஊர் நன்றாக இருந்தது’ என்று அரசுக்கு அறிவுரை சொல்வது பாதிக் கணக்கு. சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸின் மிகப் பெரிய குறை இதுதான்.

இதே நிறுவனம் 2003-ல் வெளியிட்ட இந்திய மதவாரி மக்கள்தொகை நூல் வேறொரு பாதையில் நேரே அரசியலுக்குள் நுழைந்தது. அப்போதைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி அதற்கு முன்னுரை எழுதினார். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றையும் ஒரே அலகாக எடுத்து, ‘இந்தியச் சமயத்தார்’ என ஒரு தொகுப்பை உண்டாக்கி, இந்த நூற்றாண்டின் நடுவில் அவர்கள் சிறுபான்மையாகலாம் என்று நூல் கணித்தது. கருவுறுதல் விகிதம் எல்லாச் சமூகங்களிலும் இறங்கிவருவதைப் போதிய அளவு கணக்கில் எடுக்காமல் பழைய போக்கை அப்படியே முன்னே நீட்டினால் எந்த எண்ணையும் பெறலாம். ஆனாலும் அந்த அச்சம் மேடைப் பேச்சுகளில் தங்கிவிட்டது.

ஒரு புத்தகத் தலைப்பின் பயணம்

தரம்பாலின் இன்னொரு நூல் கடல் கடந்து போன விதம் சிந்தனைக் குழாம்கள் எவ்வாறு கருத்துகளை எடுத்தாள்கின்றன என்பதைக் காட்டுகிறது.

1931 அக்டோபரில் லண்டன் சாத்தம் ஹவுசில், அதாவது அக்காலத்தின் புகழ்பெற்ற கொள்கை ஆய்வு மன்றத்தில் பேசிய காந்தி, ஆங்கில ஆட்சி வருமுன் இந்தியாவில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது என்றும், கல்வி என்னும் அழகிய மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்து ஆங்கிலேயர் அதைப் பட்டுப்போக விட்டார்கள் என்றும் சொன்னார். ஆதாரம் கேட்டுக் கல்வியாளர் ஃபிலிப் ஹார்டாக் விடாமல் கடிதம் எழுதினார். அந்த ஆதாரத்தைத் தேடியவர்தான் தரம்பால். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லா ஆட்சியர்களிடமும் கேட்டுப் பெற்ற பள்ளிக் கணக்கு அவருக்குக் கிடைத்தது. 1826-ல் மன்றோ தொகுத்தபடி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தமிழ்ப் பகுதிகளில் அவர்களில் பெரும்பான்மையோர் பிராமணரல்லாதார். இதை வைத்து 1983-ல் ‘அழகிய மரம்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் தரம்பால் நூலாக்கினார். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம் என்பதும் அதே அட்டவணைகளில் இருக்கிறது.

2009-ல் அதே தலைப்பில் இன்னொரு நூல் வாஷிங்டனிலிருந்து வந்தது. எழுதியவர் ஆங்கிலேயரான ஜேம்ஸ் டூலி. வெளியிட்டது அமெரிக்காவின் முன்னணிச் சுதந்திரச் சந்தைச் சிந்தனைக் குழாமான கேட்டோ நிறுவனம். ஹைதராபாத் பழைய நகரத்தின் சந்துகளில் ஏழைகள் மாதக் கட்டணம் கட்டிப் படிக்கும் சிறு தனியார் பள்ளிகளைக் கண்ட டூலி, அரசு உதவியின்றி ஏழைகளே கல்வியை நடத்திக்கொள்வார்கள் என்று வாதிட்டார். மன்றோ காலத்து ஊர்ப்பள்ளிகள் அவருக்கு வரலாற்றுச் சான்றாயின. சுயராஜ்யத்துக்காகத் திரட்டப்பட்ட ஆதாரம் கல்விச் சந்தைக்கான வாதமாக மாறியது. தரம்பால் சொன்ன பள்ளிகளை ஊர் தாங்கியது. ஹைதராபாத் பள்ளிகளைக் கட்டணம் தாங்குகிறது. இந்த வேறுபாட்டைக் கேட்டோ நூல் எளிதாகக் கடந்துவிடுகிறது.

இந்தியாவில் அவ்வாதத்தின் முதன்மைக் குரல், பார்த் ஷா 1997-ல் டெல்லியில் தொடங்கிய சென்டர் ஃபார் சிவில் சொசைட்டி. பள்ளிக்குப் பணம் கொடுக்காமல் மாணவருக்குச் சீட்டுக் கொடுங்கள், பெற்றோர் பள்ளியைத் தேர்வு செய்யட்டும் என்று 2007 முதல் அது பிரச்சாரம் செய்தது. சீட்டு முறை நாட்டளவில் வரவில்லை. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கிக் கட்டணத்தை அரசு ஈடுகட்ட வைத்தபோது, அந்த யோசனையின் ஒரு நெருங்கிய உறவு சட்டத்துக்குள் வந்துவிட்டது. இந்த அமைப்பின் இன்னொரு பணியை நன்றியோடு குறிப்பிட வேண்டும். தெருவோர வியாபாரிகளையும் ரிக்‌ஷாக்காரர்களையும் உரிம விதிகள் எப்படி வாட்டுகின்றன என்று நகரம் நகரமாக அது ஆவணப்படுத்தியது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டத்துக்கு முதன்மை உழைப்பு சேவா போன்ற தொழிலாளர் அமைப்புகளுடையதே என்றாலும், உரிம ஆட்சி ஏழையின் தள்ளுவண்டியையும் நசுக்குகிறது என்பதைச் சந்தை ஆதரவாளர்கள் எடுத்துச் சொன்னது வாதத்துக்கு வலு சேர்த்தது.

ஆட்களின் வழியாக அதிகாரத்துக்கு

இந்திய வலதுசாரிச் சிந்தனைக் குழாம்கள் உண்மையான செல்வாக்கை அடைந்தது 2014-ல். அதற்குப் பாதை போட்டது கன்னியாகுமரியில் வேர் கொண்ட ஓர் இயக்கம். விவேகானந்தர் பாறை நினைவாலயத்தை எழுப்பிய ஏக்நாத் ரானடே 1972-ல் விவேகானந்த கேந்திரத்தை நிறுவினார். அந்தக் கேந்திரத்தின் சார்பில் 2009-ல் டெல்லி சாணக்கியபுரியில் விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன் தொடங்கியது. ஓய்வுபெற்ற உளவு, ராணுவ, வெளியுறவு அதிகாரிகள் அங்கே கூடினர். முதல் இயக்குநர் அஜித் தோவல் 2014 மே மாதம் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். நிர்வாகக் குழுவில் இருந்த நிருபேந்திர மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலரானார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவராக இருந்தவர் மீண்டும் அரசுப் பதவி வகிக்கத் தடை இருந்ததால், முன்பு அப்பதவியிலிருந்த மிஸ்ராவுக்காக அவசரச் சட்டம் கொண்டுவந்து விதியே திருத்தப்பட்டது. அமெரிக்காவில் ஆயிரம் பக்கக் கையேடு செய்த வேலையை இங்கே சில நியமனங்கள் செய்து முடித்தன.

அதிகாரம் கிடைத்த பிறகும் வலதுசாரிக்குள் ஒருமை இல்லை. 1991-ல் பிறந்த சுதேசி விழிப்புணர்வு மன்றம் உலக வர்த்தக ஒப்பந்தங்களையும் அந்நிய முதலீட்டையும் மரபணு மாற்றுப் பயிர்களையும் எதிர்த்து வருகிறது. சந்தை ஆதரவாளர்கள் இதே மூன்றையும் வரவேற்கிறார்கள். 2019 நவம்பரில் இந்தியா ஆர்.சி.இ.பி. வர்த்தக உடன்பாட்டிலிருந்து விலகியபோது வென்றது சுதேசித் தரப்பு. அம்மன்றத்தின் முக்கிய முகங்களில் ஒருவரான எஸ். குருமூர்த்தி, ‘துக்ளக்’ இதழை நடத்திய சோ மறைந்த பின் அதன் ஆசிரியரானார். 2018-ல் ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழுவில் இடம்பெற்றார். பின்னர் விவேகானந்தா ஃபவுண்டேஷனின் தலைவரானார். தமிழில் வலதுசாரிக் கருத்து ஆய்வு நிறுவனங்களைவிட வார இதழ்களின் வழியாகவே பரவியிருக்கிறது. ராஜாஜிக்குக் ‘கல்கி’, சோவுக்குத் ‘துக்ளக்’.

தமிழ்நாடு ஏற்காதவை

தமிழ்நாட்டின் முக்கியக் கொள்கைகள் எவற்றின் தோற்றத்தையும் சிந்தனைக் குழாமில் தேட முடியாது. பள்ளியில் உணவு என்பது 1920-ல் நீதிக் கட்சியின் கையிலிருந்த சென்னை மாநகராட்சியில் தொடங்கி, காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982-ல் எம்.ஜி.ஆரால் சத்துணவாகி, 2022-ல் காலைச் சிற்றுண்டி வரை வந்திருக்கிறது. பகிர்ந்துண்ணலைச் சமய அறமாகச் சென்னை அறிஞர்கள் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே அது இங்கே அரசின் கடமையாகிவிட்டது.

1997-ல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எனக் குறுக்கியபோது, சந்தைப் பொருளியலாளர்கள் அதை வரவேற்றார்கள். தமிழ்நாடு எல்லோருக்கும் ரேஷன் என்ற முறையை விடவில்லை. சாந்த குமார் குழு 2015-ல், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பை மக்கள்தொகையில் 67 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைக்கலாம், தானியத்துக்குப் பதில் ரொக்கம் கொடுக்கலாம் என்றது. மத்திய அரசே வரம்பைக் குறைக்கவில்லை.

ஊர்ப்பள்ளிப் பெருமை இங்கே எடுபடாததற்கும் காரணம் உண்டு. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நாள் குடும்பத் தொழில் என்றது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அதற்குப் பின் பழைய ஊர் ஒழுங்கைப் போற்றும் எந்தக் கல்வி யோசனையையும் இம்மாநிலம் ஐயத்தோடுதான் பார்க்கிறது. அந்த ஐயத்துக்கு நியாயம் உண்டு.

பணம், தரவு, பொறுப்பு

சிந்தனைக் குழாமின் செல்வாக்கை அளப்பது கடினம். அதன் வருமானத்தை அறிவது அவ்வளவு கடினமாக இருக்கக் கூடாது. இந்தியாவில் வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் கடுமையான சட்டம் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய, எந்தக் கட்சியையும் சாராத சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் அமைப்பின் அந்நிய நன்கொடை உரிமம் 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்தானது. உள்நாட்டுப் பெருநிறுவனம் ஒன்று ஒரு கொள்கை மையத்துக்கு எவ்வளவு கொடுத்தது, அதே மாதம் அந்த மையம் எந்தத் துறைக்கு என்ன பரிந்துரைத்தது என்பதை இணைத்துப் பார்க்கக் குடிமகனுக்கு எளிய வழி இல்லை. வலதுசாரி மையத்துக்கும் இடதுசாரி மையத்துக்கும் இது ஒன்றே.

தரவின் நிலையும் இதுதான். செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்க மத்திய அரசு திட்டமிட்டபோது, திட்டக்காரர்கள் தரப்பின் சுற்றுச்சூழல் அறிக்கையை வைத்து 2013-ல் அனுமதியும் கொடுக்கப்பட்டது. அந்த அறிக்கையில் ஏரிகளும் மணல் மேடுகளும் மேய்ச்சல் நிலங்களும் உள்ளபடி காட்டப்படவில்லை என்று உழவர்களும் மீனவர்களும் சென்னைச் சூழலியல் அமைப்புகளும் வாதிட்டனர். மின் நிலையம் கட்டப்படவில்லை. பார்னார்ட் 250 ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராக ஏரியையும் குளத்தையும் எண்ணி எழுதிய சீமை இது. அந்தத் துல்லியமான பதிவு பொதுமக்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருந்தால் வாதம் வேறு விதமாக நடந்திருக்கும்.

எனவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். அரசுக்குப் பரிந்துரை அனுப்பும் ஒவ்வொரு கொள்கை மையமும் தன் நன்கொடையாளர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். எழும்பூர்க் காப்பகத்தின் பார்னார்ட் பதிவேடுகளும், தஞ்சையிலுள்ள ஓலைக் கணக்குகளும், ட்ரெமென்ஹீரின் குறிப்பும் ஒரே தொகுப்பாக, தமிழில், கட்டணமின்றி வெளிவர வேண்டும். அந்த வேலையைத் தமிழ்நாடு அரசும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இனியும் தள்ளிப்போடாமல் எடுத்துச் செய்ய வேண்டும்.